கொழும்பு மாடியில் காரமிளகாய்: முதன்முறை நடுபவர்களுக்கு

கொழும்பில் முதன்முதலாக மிளகாய் நடுபவர்கள் வெயிலுக்குத்தான் அஞ்சுகிறார்கள். செடிகளோ பெரும்பாலும் தண்ணீரால்தான் சாகின்றன. அநுராதபுரம், புத்தளம், வவுனியா, யாழ்ப்பாணம் என்று இந்நாட்டில் மிளகாய் பெருமளவில் விளையும் மாவட்டங்களை எண்ணிப் பார்த்தால், எல்லாமே உலர்வலயத்தோடு சேர்ந்தவை. கொழும்போ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் ஈரவலயக் கரையோர நகரம். ஆகவே, கோடையில் ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பதைவிட, மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் இந்தச் சாடியிலிருந்து நீர் எப்படி வெளியேறும் என்று யோசித்துத் தொடங்குபவருக்கே செடி நிலைக்கும். கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்த ஒரு கவலையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

எந்த மிளகாய்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கொழும்பில் பல தமிழ் வீடுகளில் கொச்சிக்காய் என்றால் பொதுவாக மிளகாயையே குறிக்கும். சிங்களத்தில் கொச்சி என்பதோ வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் சின்னஞ்சிறிய காரமிளகாயை மட்டும் குறிக்கும். விதைக் கடையில் நாம் ஒன்றை நினைத்துக் கேட்க, கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுப்பது இதனால் நடக்கிறது. வேண்டியது எதுவென்று காயின் நீளத்தையும் காரத்தையும் சொல்லிக் கேட்பதே நல்லது.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, விவசாயத் திணைக்களம் வெளியிட்ட உள்ளூர் வகைகளில் ஒன்றையும் நிமிர்ந்து காய்க்கும் அந்தச் சிறுமிளகாயான கொச்சிச் செடி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. எம்.ஐ.2, கே.ஏ.2, எம்.ஐ. ஹொட் போன்ற வகைகள் நமது காலநிலையைக் கருத்திற்கொண்டு தெரிவு செய்யப்பட்டவை, எம்.ஐ. என்ற எழுத்துகள் மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பன. கொச்சி முளைப்பதற்கும் காய்ப்பதற்கும் மெதுவானது. ஆனால் ஒருமுறை வேரூன்றிவிட்டால் கவனக்குறைவைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும். மூன்றாவதாக நை மிரிஸ் இருக்கிறது. சுருங்கிய தோலும் பழவாசனையும் கொண்ட இந்த மிளகாய், உலகின் மிகக் காரமான வகைகள் சேர்ந்திருக்கும் கப்சிகம் சைனென்ஸ் என்ற இனத்தைச் சார்ந்தது. அதை இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

உலக சாதனை மிளகாய்களின் விதையை இணையத்தில் தேடுபவர்களும் உண்டு. காரத்தை அளக்கும் ஸ்கோவில் முறையை 1912இல் வகுத்தவர் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர். அந்த அளவில் ஹலபீனோ மிளகாய் 2,500 முதல் 8,000 வரையும், ஹபனேரோ 1,00,000 முதல் 3,50,000 வரையும் நிற்கின்றன; 2023இல் கின்னஸ் பதிவு பெற்ற பெப்பர் எக்ஸ் 26 இலட்சத்தையும் தாண்டுகிறது. மீன் குழம்பில் போட முடியாத ஒரு காய்க்காக நூறு நாளுக்கு மேல் காத்திருப்பது முதல் ஆண்டில் தேவையில்லை என்பது என் கருத்து. மேலும், வெளிநாட்டிலிருந்து விதை தருவிக்கத் தாவரத் தொற்றுகாப்பு அனுமதி வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

சமையலறைச் செத்தல் மிளகாயை உடைத்து விதை எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடுக்கலாம், சில முளைக்கவும் செய்யும். ஆனால் கடைச் செத்தலில் பெரும்பகுதி இறக்குமதியானது, எந்தக் காலத்தில் உலர்த்தப்பட்டது என்பதும் தெரியாது, கலப்பின விதையாக இருந்தால் தாய்ச்செடியைப் போன்ற செடி வருமென்ற உறுதியும் இல்லை. சந்தையில் நன்றாகச் சிவந்து பழுத்த ஒரு காயை வாங்கி, அதன் விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்துவது அதைவிட மேல்.

எப்போது விதைப்பது

கொழும்பில் மிளகாய்க்கு எதிரி மாதங்கள் மூன்று: மே, ஒக்டோபர், நவம்பர். தைப்பொங்கலை ஒட்டிய வாரங்களிலும் அதற்குப் பின் பெப்ரவரி முழுவதிலும்தான் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். எனவே நவம்பர் கடைசியில் கூரைக்குக் கீழே விதைத்து, ஜனவரி முற்பகுதியில் நாற்றைச் சாடிக்கு மாற்றினால், பெப்ரவரியில் பூத்து, மார்ச்சில் காய் பறிக்கலாம். இரண்டாவது வாய்ப்பு ஜூன் இறுதியில் விதைத்து ஓகஸ்ட் தொடக்கத்தில் நடுவது. ஒக்டோபர் மழைக்கு முன் முதற் பறிப்பை முடித்துவிடலாம். பூக்கும் காலத்தில் அடைமழை பெய்தால் மகரந்தம் நனைந்து பூக்கள் கொட்டிவிடும் என்பதால், கணக்கை விதைக்கும் நாளிலிருந்து முன்னோக்கிப் போடாமல், பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுவதே முறை.

நான் முதன்முறை விதைத்தது ஓர் ஒக்டோபர் மாதம். யோகட் கோப்பைகளில் நாற்பது நாற்று. பசுமையாக இரண்டிலை விட்டு நின்றன. திறந்த மாடியில் இரண்டு இரவு மழை. மூன்றாம் நாள் காலையில், மண்மட்டத்தில் தண்டு நூல்போல் மெலிந்து, யாரோ நகத்தால் கிள்ளிவிட்டதுபோல் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. நாற்றழுகல் என்று பெயர் சொல்வார்கள்; ஈர மண்ணில் வாழும் பூஞ்சைகளின் வேலை. அதற்குப் பின் கைவைத்தியம் கிடையாது. வருமுன் தடுக்கத்தான் முடியும்: புதிய, சுத்தமான கலவை; நெருக்கமில்லாத விதைப்பு; கூரை; காற்றோட்டம்.

முளைக்க வைத்தல்

யோகட் கோப்பையே போதுமான நாற்றுச் சாடி. அடியில் சூடான ஆணியால் நான்கைந்து துளைகள் இட்டு, கழுவிய தும்புத்தூளையும் சலித்த கூட்டெருவையும் சம அளவில் நிரப்புங்கள். தும்புத்தூளைக் கழுவ வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். உப்புக் கலந்த தூள் நாற்றின் இலை விளிம்பைக் கருக்கிவிடும். வாளியில் ஊறவைத்து, பழுப்பு நீரை வடித்து, மூன்று முறையாவது மாற்றியபின் பிழிந்து பயன்படுத்தலாம். விதையை அதன் பருமனைவிடச் சற்று ஆழமாக, அரைச் சென்ரிமீற்றர் அளவில் புதைத்தால் போதும். முளைப்புக்கு 25 முதல் 30 பாகை வெப்பம் ஏற்றது. அதைக் கொழும்பு இலவசமாகவே தருகிறது. சாதாரண மிளகாய் ஏழு முதல் பத்து நாளில் தலைகாட்டும். கொச்சியும் நை மிரிஸும் மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் பத்தாம் நாளே கோப்பையைக் கொட்டிவிடக் கூடாது.

முளைத்த உடனேயே காலை வெயில் படும் யன்னலோரத்துக்கு மாற்றுங்கள். நிழலில் வைத்த நாற்று இரண்டு நாளில் வெளிறி நீண்டுவிடும். ஐந்தாறு இலை விட்டபின், நேரே மாடி வெயிலில் நட்டுவிடாமல், ஒரு வாரகாலம் காலையில் வெளியே வைத்து மதியம் உள்ளே எடுத்துப் பழக்க வேண்டும்.

சாடியும் மண்ணும் இடமும்

ஒரு செடிக்கு ஒரு சாடி. பத்து முதல் பன்னிரண்டு லீற்றர் கொள்ளும் பெயின்ட் வாளியோ, மடித்துவிட்ட உரப்பையோ தாராளம். எருமைத் தயிர் வாங்கிய மண்சட்டி பார்க்க அழகாக இருந்தாலும் ஆழம் போதாது, துளையும் இல்லை. அதில் நட்டு அழுகவிட்டவர்கள் பலர். வாளியின் அடியில் துளையிடுவதோடு நில்லாமல், அடியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில் பக்கவாட்டிலும் ஐந்தாறு துளைகள் இடுங்கள், ஏனெனில் சீமெந்துத் தரையில் ஒட்டியிருக்கும் அடித்துளைகள் எளிதில் அடைபட்டுவிடும். சாடியை இரண்டு செங்கல்லின்மேல் தூக்கி வைத்தால், நீரும் வடியும், மதிய வெயிலில் கொதிக்கும் தளத்தின் சூடும் வேருக்கு ஏறாது.

கலவைக்கு மேல்மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு என்பது என் வழக்கம். கொழும்பைச் சுற்றிக் கிடைக்கும் கபுக் கலந்த சிவப்பு மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. ஒரு சாடிக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் கலந்தால் அமிலமும் தணியும், கல்சியமும் கிடைக்கும். கத்தரியோ தக்காளியோ வளர்ந்த பழைய மண்ணை இதற்கு எடுக்காதீர்கள். மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்றின் வாடல் நோய் மண்ணில் தங்கி மற்றதைப் பிடிக்கும். தொடர்மாடியில் இருப்பவர்கள் மண்ணின் பங்கைக் குறைத்துத் தும்புத்தூளைக் கூட்டினால், பல்கனியின் பாரமும் குறையும், கீழ்வீட்டார் காயப்போட்ட துணியில் செம்மண் நீர் சொட்டி வரும் சண்டையும் குறையும்.

வெயில் நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் வேண்டும். பல்கனிக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் உச்சிக்கு மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, மற்ற மாதங்களில் தெற்கே. தெற்குப் பார்த்த பல்கனிக்கு ஜனவரி நடுகை மிகப் பொருந்தும். வடக்குப் பார்த்ததற்கு இரண்டாம் பருவமே சற்றுக் கூடுதல் வெளிச்சம் தரும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோர மாடிகளில் உப்புக் காற்று இன்னொரு தொல்லை. கடலை நேரே பார்க்கும் கைப்பிடிச் சுவரின்மேல் வைக்காமல் அதன் மறைவில் வைத்து, காற்று ஓங்கி வீசிய மறுநாள் காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம்.

தண்ணீர் ஊற்றுவதும் ஊற்றாமல் இருப்பதும்

தினமும் ஒரு போத்தல் என்று அளவு சொல்பவர்களை நம்பாதீர்கள். காலையில் வாளியின் விளிம்பைப் பிடித்து ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். நன்றாக நனைத்து வடிந்த வாளி எவ்வளவு கனக்கும் என்பதை முதல் நாள் கை பழகிக்கொள்ளும். பிறகு அது இலகுவாகச் சாய்கிறதா என்று பார்த்தாலே போதும். சந்தேகமிருந்தால் விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடுங்கள். நுனியில் ஈரம் ஒட்டினால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் பக்கத்துளையில் நீர் எட்டிப்பார்க்கும்வரை மெதுவாக ஊற்றி நிறுத்துங்கள். இலையை நனைக்காமல் மண்ணுக்கு ஊற்றுவதும், மாலையைவிடக் காலையில் ஊற்றுவதும் பூஞ்சையைத் தள்ளிவைக்கும்.

மதியம் ஒரு மணிக்கு இலைகள் தொங்கிப்போயிருப்பதைக் கண்டு பதறி ஊற்றுவதுதான் பொதுவான பிழை. வெயிலைத் தாங்கச் செடி அப்படித் தொங்கவிடும். மாலை ஐந்து மணிக்குத் தானாக நிமிர்ந்தால் குறை ஒன்றுமில்லை. மண் ஈரமாக இருந்தும் மறுநாள் காலையிலும் தொங்கினால், வேர் அழுகுகிறது என்று கொள்ள வேண்டும். அந்த நிலையில் ஊற்றும் ஒவ்வொரு கோப்பை நீரும் செடியை இன்னும் கீழே தள்ளும்.

சாடிக்கடியில் தட்டு வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டியவர்கள் ஒவ்வொரு நாளும் அதைக் கவிழ்க்க வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரமே போதும். பூச்சாடித் தட்டுகளும் கைவிட்ட வாளிகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் முதலில் குனிந்து பார்க்கும் இடங்கள்.

பசளை

இதில் அதிகம் சொல்வதற்கில்லை. நட்டு இரண்டு வாரத்தின் பின், இரண்டு வாரத்துக்கொருமுறை ஒரு கைப்பிடி கூட்டெருவை மேல்மண்ணில் கிளறிவிடலாம். அல்லது வீட்டுத்தோட்டக்காரர்களிடையே பரவலான, நீரில் கரைத்து ஊற்றும் பசளையான அல்பேர்ட் கரைசலைப் பொதியில் குறிப்பிட்டுள்ள அளவின் பாதிச் செறிவில் ஊற்றலாம். யூரியாவை அள்ளிப்போட்டால் செடி மரம்போல் தழைத்து, பூவே காட்டாமல் நிற்கும். மீன் கழுவிய நீரைப் பலரும் பரிந்துரைப்பார்கள். செடிக்கு நல்லதோ இல்லையோ, அக்கம்பக்கத்துப் பூனைகளுக்கும் காகங்களுக்கும் எறும்புகளுக்கும் மிக நல்லது.

இலை சுருளும்போது

எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் ஒருநாள் நுனி இலை சுருளும். உடனே கடைக்கு ஓடி, சுருட்டை என்று சொல்லி ஏதோ ஒரு கிருமிநாசினியை வாங்கி வந்து தெளிப்பதில் பயனில்லை, ஏனெனில் சுருட்டை என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. இலை எந்தப் பக்கம் மடிகிறது என்பதை முதலில் பாருங்கள். விளிம்புகள் மேல்நோக்கி, தோணியைப்போல் மடிந்திருந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி. ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்து நுனியை இருமுறை தட்டுங்கள். கமாவை விடச் சிறிய, வைக்கோல் நிறக் கீற்றுகள் தாளில் நகர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது. விளிம்புகள் கீழ்நோக்கி, கவிழ்த்த தோணியைப்போல் வளைந்து, இலைக்காம்பு நீண்டு, அடிப்பக்கம் வெண்கல நிறமாகப் பளபளத்தால் சிற்றுண்ணி. அதைக் கண்ணால் காண்பது அரிது, கைப்பேசிக் கமராவில் பெரிதாக்கினாலும் எளிதல்ல. இலைகள் சிறுத்து, நரம்புகளுக்கிடையே மஞ்சள் படிந்து, செடியே குறுகிக் கொத்தாக நின்றால், வெண் ஈ காவிவந்த வைரசாக இருக்கலாம்.

முதலிரண்டுக்கும் தொடக்கத்தில் ஒரே வைத்தியம் உதவும். சுருண்ட நுனிகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, ஒரு லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும், அது நீரில் கலப்பதற்குச் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் சேர்த்துக் குலுக்கி, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. வெயிலில் தெளித்தால் இலை கருகும். வைரசுக்கோ வைத்தியம் இல்லை; செடியை வேரோடு பிடுங்கி அகற்றுவதே மற்றச் செடிகளைக் காக்கும். இந்த இடத்தில் மனம் இரங்குபவர்கள் மூன்று சாடியையும் இழப்பார்கள். நான் அப்படி இழந்திருக்கிறேன்.

இலையின் கீழே கூட்டமாக ஒட்டியிருக்கும் அழுக்கணவனையும் பஞ்சுபோன்ற வெண்மூட்டுப் பூச்சியையும் குழாய் நீரின் வேகத்தாலேயே அடித்துவிடலாம். எறும்பு வரிசை ஏறுவதைக் கண்டால் மேலே இவை இருக்கின்றன என்று பொருள். பழுக்கும் காயில் குழிந்த வட்டப் புள்ளி விழுந்து பரவினால், மழைக்கால அந்திரக்னோசு நோய். அந்தக் காய்களைப் பறித்தெறிந்து, சாடிகளைக் காற்றோட்டமாகத் தள்ளி வையுங்கள். புகைபிடிப்பவர்கள் கை கழுவாமல் செடியைத் தொட வேண்டாம். புகையிலையின் தேமல் வைரசு மிளகாய்க்கும் வரும். இவற்றுக்கு அப்பால் ஏதேனும் புரியவில்லையென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

பூவும் காயும்

செடி கவடு பிரியும் இடத்தில் வரும் முதற்பூவை நான் கிள்ளிவிடுவேன். ஒரு வாரம் தாமதமானாலும் செடி அகலமாகும். கவட்டுக்குக் கீழுள்ள சிறு தளிர்களையும் நீக்கினால் மண்ணிலிருந்து தெறிக்கும் நீர் இலையில் படாது. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். காற்றுப் புகாத பல்கனியாயின் காலை ஒன்பது பத்து மணியளவில் கிளையை மெல்லத் தட்டிவிட்டால் போதும். கறிமிளகாய்க்குப் பக்கத்தில் கொச்சியை வைத்தால் கறிமிளகாய் உறைக்கத் தொடங்கும் என்பது தவறான நம்பிக்கை. இவ்வாண்டுக் காயின் காரத்தைத் தாய்ச்செடியே தீர்மானிக்கிறது; அந்தக் காயின் விதையை அடுத்த ஆண்டு விதைத்தால்தான் கலப்புத் தெரியும்.

நாற்றை மாற்றி நட்ட இரண்டு இரண்டரை மாதத்தில் பச்சைக் காய் பறிக்கலாம். சிவக்க மேலும் இரண்டு மூன்று வாரம் ஆகும். பச்சையாகப் பறித்துக்கொண்டே இருந்தால் செடி மீண்டும் மீண்டும் பூக்கும். காம்போடு கத்தரியால் வெட்டுங்கள். இழுத்தால் கிளை முறியும். சிவக்கவிட்டால் கொண்டைக்குருவிகள் உங்களை முந்திவிடும், ஏனென்றால் நம் நாவை எரிக்கும் கப்சைசின் பறவைகளுக்கு உறைப்பதில்லை. பழைய நுளம்பு வலைத் துண்டு ஒன்றே காவலுக்குப் போதும்.

காரம் விதையில் இருக்கிறது என்று சொல்வார்கள். உண்மையில் அது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் உருவாகிறது. கொச்சியையோ நை மிரிஸையோ வெட்டியபின் விரல் எரிந்தால், தண்ணீர் உதவாது. கப்சைசின் எண்ணெயில்தான் கரையும். தேங்காயெண்ணெயைத் தேய்த்துத் துடைத்து, பின்பு சவர்க்காரம் போடுங்கள். வாய் எரிந்தால் ஒரு கரண்டி தயிர்.

மே மாத மழை தொடங்கும்போது செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. நமது வெப்பத்தில் மிளகாய் பல்லாண்டுச் செடி. கொச்சி இரண்டு மூன்று ஆண்டு தாராளமாக நிற்கும். கடைசிக் காய்களைப் பறித்துவிட்டு, கிளைகளை மூன்றிலொரு பங்காக வெட்டி, மேல்மண் இரண்டு அங்குலத்தை நீக்கிப் புதுக் கூட்டெரு இட்டு, மழை அடிக்காத கூரையோரத்துக்குச் சாடியை நகர்த்தி வையுங்கள். அங்கே அது சில வாரங்கள் குச்சியாகவே நிற்கும்; அந்த நாட்களில் வாளியைச் சாய்த்துப் பார்க்காமல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.